பிடிமண் வந்தது, மண்குதிரை வரவில்லை

பதுளையிலிருந்து பசறைக்கு ஏறும் வழியில் தோட்டத்துக்குத் தோட்டம் சாமி நிற்கிறது. லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். மேலே, தேயிலை நிரைகள் முடிகிற இடத்தில், மரத்தடியில் முனியாண்டியும் மாடசாமியும். தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்க ரோதைமுனி. கவ்வாத்துக்குக் கத்தி எடுக்குமுன் கும்பிட கவ்வாத்துசாமி. கடைசி இருவரும் தோட்டத்து உழைப்பிலேயே பிறந்த தெய்வங்கள்.

நாம் தேடிப் போனது இந்தக் காவல் தெய்வங்களின் வாகனத்தை: சுட்ட மண்ணால் செய்த குதிரையை. பார்த்த கோயில்களில் குதிரைகள் இருந்தன. எல்லாம் சீமெந்துக் குதிரைகள், எனாமல் பெயின்ட் பூசியவை. மண்ணில் செய்தது ஒன்றுகூட இல்லை.

இதற்குக் காரணம் வந்த வழியிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து மக்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். ஊர்க் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, முடிந்து கொண்டுவந்து இங்கே சாமியை நிறுத்தினோம் என்று இன்றும் பல குடும்பங்களில் சொல்கிறார்கள். ஆனால் துரைமாருக்கு வேண்டியிருந்தது கொழுந்து பறிக்கிற கை. குயவர் சக்கரம் சுற்றுகிற கை அல்ல. சாமி வந்தது, சாமிக்குக் குதிரை செய்கிற சூளை வரவில்லை.

அந்தச் சூளையைப் பார்க்கப் புதுக்கோட்டைச் சீமைக்குத்தான் போகவேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊவாவிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் பலருக்கும் பழக்கமானவை அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்கள். நமணசமுத்திரத்திலும் இளங்குடிப்பட்டியிலும் அய்யனார் கோயில் வழியின் இரு மருங்கிலும் மண்குதிரைகள் வரிசை கட்டி நிற்கின்றன. முன்வரிசையில் புதியவை. பின்னால் போகப் போகக் காது உடைந்தவை, கால் போனவை, கழுத்து மட்டும் மிஞ்சி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருப்பவை. பழையதை யாரும் ஒட்டுவதில்லை, அப்புறப்படுத்துவதுமில்லை. மண்ணுக்குத் திரும்புவதுதான் முறை.

செய்பவர்கள் வேளார். குயவர் வேலையும் பூசாரி வேலையும் ஒரே கையில் இருக்கும் சமூகம் இது. கனடா நாட்டு மானுடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் மதுரை வட்டாரத்து வேளார்களோடு பழகி, 1984இல் இதையே தம் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார்கள். அந்தப் பிடிமண்தான் ஒப்பந்தம்.

கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே வெற்றிடமான குழாய்களாக எழும்புகின்றன. அவை இறுகும்வரை வயிற்றுப் பகுதியைத் தொடுவதில்லை. அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் பிதுங்கிவிடும். பிறகு சிறிது சிறிதாக உடல் ஏறுகிறது. உள்ளே ஒரு கை, வெளியே தட்டுப்பலகை பிடித்த மறு கை. இரண்டுக்கும் நடுவே மண் ஒரே கனத்தில் படிகிறது. கழுத்தும் தலையும் கடைசியில். மணிமாலை, சலங்கை, சேணம் எல்லாம் விரலால் உருட்டி ஒட்டியவை. நிழலில் நாள்கணக்கில் காய்ந்தபின் வைக்கோல், வறட்டி, விறகு அடுக்கிச் சுடுகிறார்கள். புரவி எடுப்புத் திருவிழா அன்று கண் திறந்து, ஊரே தோளில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோகிறது. மழை பிந்தினால், பிள்ளைக்கு நோய் தீர்ந்தால், களவு போன மாடு கிடைத்தால் ஒரு குதிரை. நேர்த்திக்கடன் இருக்கிறவரை வேளாருக்கு வேலை இருந்தது.

இப்போது நேர்த்திக்கடனே சீமெந்துக்கு மாறுகிறது. ஒருமுறை கட்டினால் பல காலம் நிற்கும் என்பது அதன் பெருமை. வேளாரின் அடுப்பை அணைப்பதும் அதுதான். கண்மாயில் மண் எடுக்க அனுமதி வேண்டும், விறகு விலை ஏறிவிட்டது, படித்த பிள்ளைகள் சேற்றில் இறங்கத் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய குதிரை ஒன்று சூளையில் வெடித்தால் அத்தனை நாள் உழைப்பும் அதோடு போய்விடுகிறது.

இதே சிக்கலை வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்துப் பாஞ்ச்முரா வேறு வழியில் எதிர்கொண்டது. அங்கே கும்பகார் சமூகத்தார் உடலையும் கழுத்தையும் கால்களையும் சக்கரத்தில் தனித்தனியாக வனைந்து இணைக்கிறார்கள். நெட்டைக் காதுகளைப் பிறகு செருகுகிறார்கள். சூளையின் புகைவழியை அடைத்தால் குதிரை கறுப்பாகும், திறந்துவிட்டால் சிவப்பாகும். தர்மராஜருக்குக் காணிக்கையாக இருந்த அந்தக் குதிரை, இந்தியக் கைவினைத் துறையின் சின்னமாகி, வீட்டு வரவேற்பறைக்கு வந்தது. 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிழைப்புக்கு அது நல்லதே. ஆனால் கண்ணாடி அலமாரியில் ஏறிய குதிரை உடைவதில்லை. உடையாத குதிரைக்குப் பதில் புதியது கேட்பாரும் இல்லை. ஆகவே அங்கே தொழில் சுற்றுலாப் பயணியையும் கண்காட்சியையும் நம்பியிருக்கிறது. சாமிக்குச் செய்வதும் சந்தைக்குச் செய்வதும் சேர்ந்து நடந்தால்தான் கை பழக்கம் விடாமல் இருக்கும் என்பது நம் எண்ணம்.

ஊவாவுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. தைப்பொங்கலுக்குப் பதுளை கடைத்தெருவில் நாம் வாங்கும் பானை இந்நாட்டுக் குயவர் கையில் வனைந்தது; கேகாலைப் பக்கம் மொலகொட போன்ற சிங்களக் கிராமங்களில் அந்தத் தொழில் இன்னும் இருக்கிறது. மண் இருக்கிறது, சூளை இருக்கிறது, சாமியும் இருக்கிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவை, புதுக்கோட்டையிலிருந்து வேளார் இருவரை ஒரு பருவத்துக்கு அழைத்து, இங்குள்ள குயவர்களோடும் தோட்டத்து இளைஞர்களோடும் உட்காரவைக்கலாம். பெரிய செலவு இல்லை.

தோட்டக் கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்கு முனியாண்டி கோயிலைப் புதுப்பிக்கப் பணம் சேர்க்கும்போது, சீமெந்துக் குதிரைக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு மண்குதிரைக்கும் பிடிமண் கொடுத்துப் பாருங்கள்.