கார் ஷெட்டில் ஒரு சித்திரக்கூடம்

போகிக்காகப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். என் கணவர் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, ஆறு வயது மகன் கீழே வாங்கி வைத்தான். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது யாரோட பெயிண்ட்டு?" என்றான்.

"என்னோடதுதான்டா கண்ணா."

"நீ படமெல்லாம் வரைவியா?"

சுருக்கென்றது எனக்கு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் இரண்டும் தேறியவள் நான். என் பிள்ளைக்கோ என்னைச் சாம்பார் வைப்பவளாகவும் யூனிஃபாரம் தேய்ப்பவளாகவும்தான் தெரியும்!

நான் வரைவதை நிறுத்தியதற்குக் காரணமும் அவனேதான். ஒன்றரை வயதில் ஒரு ராத்திரி அவனுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். "வீட்டில் பெயிண்ட், கொசுவத்தி, ஊதுவத்தி என்று ஏதாவது நெடி உண்டா?" என்று டாக்டர் கேட்டார். சாப்பாட்டு மேஜைமேல் ஈரம் காயாத ஆயில் பெயிண்டிங்கும், பக்கத்தில் மூடாமல் வைத்த டர்பன்டைன் கிண்ணமும் என் கண்முன் வந்து நின்றன. மறுநாளே பெட்டி பரணுக்குப் போயிற்று. தாயாய் இருப்பவள் வேறென்ன செய்வாள், சொல்லுங்கள்?

ஆனால் அன்று போகி முடிந்து படுத்தபோது ஒன்று புரிந்தது. தப்பு ஓவியத்தின்மேல் இல்லை. அதைச் சாப்பிடும் இடத்தில், குழந்தை தூங்கும் இடத்தில் வைத்துச் செய்ததுதான் தப்பு. எனக்கு வேண்டியது ஒரு தனி இடம்.

சென்னை கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாதெமியில் ஓவியர்களுக்கென்று வேலைக்கூடங்கள் உண்டு. ஆனால் எங்கள் வீடு இருப்பது நசரத்பேட்டையில். போக வர 40 கிலோமீட்டருக்கு மேல். மூன்றரை மணிக்கு ஸ்கூல் வேன் வாசலில் வந்து நிற்கும். அது நடக்கிற காரியமா?

வாசலிலேயே ஓர் இடம் இருந்தது. மாமனார் கட்டிய கார் ஷெட். பத்தடிக்குப் பதினெட்டடி. அவருடைய அம்பாசடர் உள்ளே நின்றது. 2015 டிசம்பர் மழையில் தெருத் தண்ணீர் உள்ளே புகுந்ததிலிருந்து அது கிளம்பவே இல்லை. மாமனாரும் காலமாகிவிட்டார். சாவி அத்தையின் இடுப்பில்.

என் கணவரிடம் மெள்ளப் பேச்செடுத்தேன். "தண்ணி கேன் போடறவர் குடோனுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கார். மாசம் நாலாயிரம் தரேன்றார். படம் வரையறதுக்குன்னு அதை விடறதா?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. வீட்டுக் கடன் தவணை அவர் தலையில்தானே?

சோழமண்டலத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களோடு 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் அமைத்த ஓவியர் கிராமம் அது. சோற்றுக்கு என்ன வழி என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்தது. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். மீதி நேரத்தில் தங்களுக்குப் பிடித்ததை வரைந்தார்கள். "நானும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக் கொடுக்கிறேன். வாடகையில் கொஞ்சமாவது ஈடு கட்டுவேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "அம்மா என்ன சொல்றாங்களோ!"

அத்தையிடம் கேட்கத்தான் எனக்குப் பயம். மாமாவின் காரை எடுக்கச் சொல்வது எப்படி? முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நானும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

"உங்க மாமா ஞாயித்துக்கிழமை பூரா அந்த ஷெட்டுலதான் இருப்பாரு. கேட்டா கார் ரிப்பேருன்னுவாரு. ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரும் கூப்பிடாம செத்த நேரம் உக்கார அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எனக்கு இருந்தது இந்தச் சமையக்கட்டு ஒண்ணுதான். இதுக்குக் கதவுகூட வைக்கல." சாவியை அவிழ்த்து என் மடியில் போட்டார். "வண்டிய எடுக்கச் சொல்லு. ஸ்டீரிங்கை மட்டும் கழட்டி வை."

அவ்வளவுதான். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்ட பணமும் என் சீட்டுப் பணமும் சேர்ந்து முப்பத்தெட்டாயிரம். அதற்குள் முடித்தேன். உங்களில் யாருக்காவது இந்த எண்ணம் இருந்தால், நான் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலையாகப் பெட்ரோல் டின், பழைய பேட்டரி, கிரீஸ் டப்பா எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். தரையில் ஊறிய எண்ணெய்க் கறையின்மேல் மரத்தூளைக் கொட்டி ஒரு நாள் விட்டோம். பிறகு வாஷிங் சோடா கலந்த வெந்நீரால் தேய்த்ததும் முக்கால்வாசி போய்விட்டது.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதில் கொக்கி மாட்டத் துளை போட வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். உலர்ந்தபடி சுரண்டுவதும் கூடாது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்து நோயாக வெளிப்படும். நாங்கள் ஷீட்டைத் தொடாமல், சுவருக்குச் சுவர் சட்டம் கட்டி அதில் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். வெக்கையும் குறைந்தது.

வெளிச்சத்துக்கு வடக்குச் சுவரில் நாலடி ஜன்னல் வைத்தோம். ஓவியருக்கு வடக்கு வெளிச்சமே சிறந்தது, நேர் வெயில் விழாது என்பார்கள். அது மேல்நாட்டுக்குச் சரி. நம் சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயிலே சற்று வடக்கே சாய்ந்துதான் அடிக்கும். முதல் மே மாதமே இதை அனுபவித்துவிட்டு, ஜன்னலுக்கு மேல் அகலமான சன்ஷேடு போட்டேன்.

காற்றோட்டம் மிகவும் முக்கியம். டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழேதான் தங்கும், குழந்தைகள் தவழும் உயரத்தில். அதனால் தரையோரமாக இரண்டு சல்லடை ஜன்னல்களும், எதிர்ச்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்தோம். டர்பன்டைனை ஒருநாளும் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தவறிப்போய்க் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. திரும்ப வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடும் பழக்கமும் எனக்கு இருந்தது. அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடேறி, சுருட்டிய துணி தீப்பற்றக்கூடும். இப்போது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டின்னில்தான் போடுகிறேன். குரோம் மஞ்சளில் ஈயம் உண்டு. தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்குவதை அடியோடு விட்டேன். வெள்ளைக்கு டைட்டானியம் வெள்ளைதான் வாங்குகிறேன்.

சுவர் ஓரமாக 2015-ல் தண்ணீர் நின்ற கோடு இருந்தது. அதற்கு மட்டும் வெள்ளையடிக்க விடவில்லை. அலமாரிகளெல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேதான்.

பையன் ஸ்கூலுக்குப் போன பிறகு, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஆயில் பெயிண்ட் எடுப்பேன். இரண்டு மணிக்கெல்லாம் மூடி வைத்து ஃபேனைப் போட்டுவிடுவேன். அவன் கூட இருக்கும்போது தண்ணீரில் கரையும் வண்ணங்கள் மட்டும். நெடி இல்லாவிட்டால் வீசிங்கே வராது என்று நான் சொல்ல வரவில்லை. மார்கழிப் பனிக்கு வரத்தான் செய்கிறது, இன்ஹேலரும் கையில் இருக்கிறது. ஆனால் என்னால் வந்தது என்ற உறுத்தல் இப்போது இல்லை.

ஞாயிறு வகுப்புக்கு ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். நாலாயிரம் வரவில்லை, இரண்டாயிரத்துச் சொச்சம்தான். என் கணவர் குடோன் பேச்சை எடுப்பதில்லை. போன மாதம் ஆபீஸ் நண்பரை அழைத்து வந்து, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை நான் வரைந்திருந்த படத்தின்முன் நிறுத்தி, "நம்ம வீட்டுல வரைஞ்சது" என்றார்.

பள்ளியில் 'என் அம்மா' என்று நாலு வரி எழுதச் சொன்னார்களாம். "என் அம்மா படம் வரைவார்" என்று முதல் வரியாக எழுதியிருந்தான். சாம்பார் மூன்றாவது வரியில் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தியானம் இரண்டரை மணிக்கு, நெடி அடங்கியதும், அத்தை ஷெட்டுக்கு வருவார். மாமாவின் ஸ்டீரிங் மாட்டியிருக்கும் சுவர் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாரப் பத்திரிகை படிப்பார். சில நாள் சும்மாவே உட்கார்ந்திருப்பார். நேற்று வேனுக்காக நான் வாசலுக்குக் கிளம்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"போறப்போ அந்தக் கதவைச் சாத்திட்டுப் போம்மா."