2500 எப்படி 1700 ஆனது?

கம்ப்யூட்டர் திரையில் ஒன்று எழுதியிருந்தால் அது தப்பாக இருக்காது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மனிதன் சொன்னால் நாலு கேள்வி கேட்போம். மெஷின் சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்வோம். இந்தப் பழக்கத்தால் ஒரு பையன் மேல் திருட்டுப் பழி விழப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

2006-ம் வருடம். கருவூலத்திலிருந்து நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதற்குள் ஏஎம்டி கம்பெனியின் அத்லான் எக்ஸ்பி 2500 பிளஸ் பிராசஸர். பெங்களூரில் இருந்த மகளுக்கு மெயில் அனுப்புவதும், வீட்டுக் கணக்கு எழுதுவதும் அதில்தான்.

ஒரு நாள் அது கிளம்பவே இல்லை. இரண்டு தெரு தள்ளி, கார் ஷெட் அளவு ரூமில் ரிப்பேர் கடை வைத்திருந்த பையனைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றிப் பார்த்தான். மதர்போர்டில் வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. அந்தக் காலத்து போர்டுகளுக்குப் பரவலாக வந்த வியாதி அது. கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் தரமில்லாமல் போனால் இப்படித்தான் ஆகும்.

"பிராசஸர் நல்லாத்தான் சார் இருக்கு. போர்டை மட்டும் மாத்திடலாம்" என்றான்.

அதற்குள் அந்த ரகப் பிராசஸருக்குப் புது போர்டு கிடைப்பது அரிதாகிவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வைத்து, பயன்படுத்திய போர்டு ஒன்றை வரவழைத்தான். பழையதைவிட ஒரு படி மேல். யூஎஸ்பி 2.0 எல்லாம் இருந்தது. கம்ப்யூட்டரைத் தன் ரூமுக்குக் கொண்டுபோய், போர்டை மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு, மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்தான். அந்த நேரம் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரி கரண்ட் வந்ததும் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: அத்லான் எக்ஸ்பி 1700 பிளஸ். விண்டோஸ் வந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தாலும் அதே 1700 தான். வேகம் 1.47 கிகாஹெர்ட்ஸ்.

என் மச்சினர் அன்றைக்கு வீட்டில் இருந்தார். "அத்தான், 2500-ஐ உருவிட்டு 1700-ஐ வெச்சுட்டான் பாருங்க. ராத்திரி பூரா அவன்கிட்டதானே இருந்துச்சு?" என்றார். "எத்தனை நாள் காப்பி போட்டுக் குடுத்திருக்கேன்" என்று மனைவி ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரரும் தன் கம்ப்யூட்டரை அந்தப் பையனிடம் கொடுக்க இருந்தார். அவரை எச்சரிக்க வேண்டும் என்று மச்சினர் போனை எடுத்துவிட்டார்.

"நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்" என்று நிறுத்தினேன். எங்கள் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் அந்தப் பையனுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு போன் போதும், பன்னிரண்டும் போய்விடும். அப்புறம் உண்மை தெரிந்து என்ன பயன்?

கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல் வருடா வருடம் நடக்கும். புத்தகத்தில் ஒட்டிய போட்டோவில் சுருட்டை முடியோடு ஒரு வாலிபர் இருப்பார். எதிரே வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் நிற்பார். பெயரில் எழுத்துப் பிழையும் இருக்கும். அதற்காக ஆள் வேறு என்று திருப்பி அனுப்ப முடியுமா? அங்க அடையாளத்தைப் பார்ப்போம். வலது முழங்கையில் மச்சம் என்று எழுதியிருந்தால் மச்சம் இருக்கும். பெயரை யாரும் தப்பாக எழுதலாம், மச்சம் இடம் மாறாது. பிராசஸருக்கும் அப்படி ஒரு மச்சம் இருக்கத்தானே வேண்டும்? அன்று ராத்திரி அதைத்தான் தேடிப் படித்தேன்.

முதலில் தெரிந்தது, 2500 என்பது வேகமே இல்லை. ஒரே வேகத்தில் ஓடினாலும் பென்டியம் 4-ஐவிடத் தங்கள் பிராசஸர் அதிக வேலை செய்கிறது என்று சொல்லி, 2001-லிருந்து ஏஎம்டி கம்பெனி மெகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு இப்படி ஒரு மாடல் எண்ணைப் போட ஆரம்பித்தது. 2500 பிளஸ் ஓடும் வேகம் 1833 மெகாஹெர்ட்ஸ்தான்.

அந்த 1833 எப்படி வருகிறது? மதர்போர்டு ஒரு தாளம் போடுகிறது. பிராசஸர் அதைப் போல் 11 மடங்கு ஓடுகிறது. தாளம் 166 என்றால் (சரியாகச் சொன்னால் 166.67) 11 மடங்கு 1833. தாளம் 133 ஆனால் (அதாவது 133.33) 11 மடங்கு 1466. தாளம் 100 என்றால் 1100.

நிஜமான 1700 பிளஸ் பிராசஸர் ஓடும் வேகமும் அதே 1466 தான்! மதர்போர்டில் உள்ள பயாஸ், ஓடுகிற வேகத்தைப் பார்த்து "இவர் 1700" என்று பெயர் எழுதிவிடுகிறது. பயாஸ் எழுதிக் கொடுத்த பெயரைத்தான் விண்டோஸும் வாசிக்கிறது. சாட்சி இரண்டு போலத் தெரிந்தாலும், இருப்பது ஒரே சாட்சிதான்.

மச்சமும் கிடைத்தது. அதன் பெயர் கேஷ். கருவூலத்துக்காரனுக்குப் பிடித்த பெயர், ஆனால் இது பணம் இல்லை. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம். 1700 பிளஸ்ஸில் இரண்டாம் நிலை கேஷ் 256 கேபி. பார்ட்டன் என்ற ரகமான என் 2500 பிளஸ்ஸில் 512 கேபி. தாளம் மாறினாலும் இந்த அளவு மாறாது. சிபியு-இசட் என்ற சின்ன இலவச புரோகிராமை இறக்கிப் பார்த்தேன். பார்ட்டன், 512 கேபி. ஆள் அதே ஆள்தான்.

மச்சினர் பிராசஸரையே கழற்றி மேலே எழுதியிருப்பதைப் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். அந்த ரகத்தில் நடுவில் உள்ள சில்லுக்கு மூடி கிடையாது. ஹீட் சிங்க்கை எடுத்து மாட்டும்போது ஓரம் உடைந்தால் பிராசஸர் போச்சு.

காலையில் பையன் வந்தான். "1700-னு காட்டுதேப்பா" என்றுதான் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "சார், நான் மாத்தல சார். போன வருஷம் ஒரு வீட்ல இப்படித்தான் காட்டுச்சு. அப்புறம் அவங்க என்னைக் கூப்பிடவே இல்ல" என்றான். காரணம் இன்னதென்று அன்றைக்கு அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.

கணக்குப் போட்டிருந்த தாளை அவனிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தான். பிறகு டார்ச் அடித்து போர்டைப் பார்த்தான். பிராசஸர் பக்கத்தில் பொடி எழுத்தில் 100, 133, 166 என்று அச்சிட்டு ஒரு ஜம்பர் இருந்தது. முன்பு அந்த போர்டை வைத்திருந்தவர் தன் பிராசஸருக்கு ஏற்ப 133-ல் போட்டிருக்கிறார். ரேம் 333 வகை என்பதைச் சரிபார்த்துவிட்டு ஜம்பரை 166-க்கு மாற்றினான். திரையில் 2500 பிளஸ் வந்தது. மச்சினர் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குக் காப்பியை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

இதே குழப்பம் வேறு காரணங்களாலும் வரும். 133-க்கு மேல் போகாத பழைய போர்டு என்றால், நல்ல 2500-ம் கடைசிவரை 1700 ஆகத்தான் இருக்கும். பயாஸ் பழையது என்றால் "யாரென்று தெரியாது" என்று காட்டும். பயாஸைப் புதுப்பிக்கலாம், ஆனால் நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும். வேகத்தை பயாஸில் குறித்துவைக்கும் போர்டுகளில் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தால் அந்தக் குறிப்பு அழிந்து, வேகம் குறைந்த எண்ணுக்குத் திரும்பிவிடும்.

இன்றைக்கு அந்த ரகக் கம்ப்யூட்டர் யார் வீட்டிலும் இருக்காது. ஆனால் 500 ஜிபி என்று வாங்கிய ஹார்ட் டிஸ்க் விண்டோஸில் 465 என்று காட்டும்போது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இப்போதும் சண்டை நடக்கிறது. கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எதையாவது ரிப்பேருக்குக் கொடுக்கும் முன், உள்ளே இருப்பவற்றின் பெயர், அளவு, சீரியல் எண் எல்லாவற்றையும் ரிப்பேர் செய்பவர் எதிரிலேயே ஒரு தாளில் எழுதி, அவரையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்தத் தாள் நமக்கு எவ்வளவு பாதுகாப்போ, அவருக்கும் அவ்வளவு பாதுகாப்பு. எங்கள் பையன் அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் அப்படித்தான் எழுதி வாங்கினான்.