கண்ணாடித் தூசி

வண்ணாரப்பேட்டையிலிருந்து காசிமேட்டுக்கு எங்கப்பா நடந்தே வேலைக்குப் போவார். படகுப் பட்டறையில் முதலில் அவருக்குக் கிடைத்தது மரம் சுமக்கும் வேலைதான். சேரி ஆள் என்று ஆசாரி உளியைத் தொடவிடமாட்டார். "தூக்கினு வந்து அப்பால வெச்சிட்டுப் போ" என்பார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. நிவாரணத்துக்குப் பட்டியல் எடுத்தவர்கள் படகு யாருடையது என்று கேட்டார்கள். அதற்கு மரம் சுமந்தவனைக் கேட்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு வேறு வேலை வந்தது. ஃபைபர் படகிலும் விளிம்பில் மரச்சட்டம் உண்டு. பக்கத்துப் படகில் உரசித் தேயும். ஆணி ஓட்டை வழியாக உப்புத்தண்ணி இறங்கி மக்கும். அதைப் பெயர்த்துவிட்டு, வழவழப்பு போகும்வரை அடிப்பரப்பைத் தேய்க்கவேண்டும். இல்லாட்டி ரெசின் பிடிக்காது. பிறகு கண்ணாடிநார் விரித்து, ஹார்டனர் கலந்த ரெசினை மேலே மேலே பூசினால், மரம் இருந்த இடத்தில் கெட்டியான விளிம்பு நிற்கும். அது மக்காது.

இதற்கு ஆசாரி தேவையில்லை. "மரம் சாதி பாத்துச்சு, ஃபைபர் பாக்கல" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அந்தத் தூசியில் நிற்க வேறெவனும் வரவில்லை, அவ்வளவுதான். மூக்கில் கட்ட ஒரு துணிகூட முதலாளி தந்ததில்லை. அப்பாவின் லுங்கியை அம்மா தனியாகத்தான் துவைப்பாள். சேர்த்துப் போட்டால் எங்களுக்கும் அரிக்கும்.

எம்.ஏ. தேர்வுக்குத் திமில், அம்பி, தோணி, நாவாய் என்று சங்ககாலக் கலங்களை மனப்பாடம் செய்தேன். நான் படித்த அதே ஒற்றை அறையில் அப்பா விடியவிடிய இருமிக்கொண்டிருந்தார்.