ராசிபுரத்து மாமாவுக்கு ஒரு கச்சேரிக் கடிதம்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
9 ஜனவரி 2018

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? பஸ் ஸ்டிரைக் முடிந்தபாடில்லை. தனியார் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு ராசிபுரம் வர எனக்குத் தெம்பில்லை. போனில் சொல்லலாம் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே மறித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சனிக்கிழமை நான் சென்னைக்குப் போனது ஒரு கச்சேரிக்கு. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற புதுக் குழுவின் முதல் மேடை. ‘அட்டகத்தி’, ‘கபாலி’ எடுத்த பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் டென்மாவும் சேர்ந்து ஆள் தேடிக் கூட்டிய குழு. மொத்தம் 19 பேர். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதி இல்லாத தமிழர்’ என்பதிலிருந்துதான் பெயரையே எடுத்திருக்கிறார்கள். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை நடத்தினாரே, அவரேதான். பெரிய முதலாளி யாரும் இல்லாமல் ஒரு பைசாவுக்குப் பத்திரிகை விற்றவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, சினிமாக் கம்பெனி தயவில்லாமல் பாட வந்திருக்கிறார்கள். பொருத்தம்தான்.

“சினிமாப் பாட்டு இல்லாம கச்சேரியா? மூணாம் பாட்டுல ஜனம் எழுந்து டீ குடிக்கப் போயிடும்” என்று நீங்கள் சொல்வது இங்கேயே கேட்கிறது. ஆடி மாசக் கோயில் மேடைகளில் விடிய விடிய தபேலா வாசித்தவர் நீங்கள், ஜனத்தின் நாடி உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு யாரும் எழுந்து போகவில்லை, மாமா. ஆயிரக்கணக்கில் ஜனம். பெரும்பாலானோர் அந்தப் பாட்டுகளை அதற்கு முன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்புறம் எப்படி இரண்டாவது சரணத்திலேயே கூடச் சேர்ந்து பாடினார்கள் என்றுதான் எனக்கு ஆச்சரியம். மெட்டு புதிது இல்லையே, கானா. வடசென்னையில் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் காலங்காலமாகப் புழங்குவது. நீங்களே ‘நடுக்கடலுல கப்பல’ வாசித்திருக்கிறீர்கள். 2012இல் அது வந்த பிறகு, நம்ம பக்கத்துப் பையன்கள் மேடைக்குச் சீட்டு எழுதி அனுப்பிக் கேட்காத திருவிழா உண்டா? அப்போது கானாவை சினிமா வழியாகக் கேட்டோம். இப்போது பாடுகிறவர்களே நேராக வந்து நிற்கிறார்கள்.

உங்களுக்காகத் தாள வாத்தியங்களைத்தான் அதிகம் கவனித்தேன். ஒரு பக்கம் டிரம்ஸ், கிடார். இந்தப் பக்கம் சட்டி, கட்ட மோளம், பறை, தவில். நம்ம லைட் மியூசிக் மேடையில் பறைக்கு என்ன செய்வோம்? ரிதம் பேடில் ஒரு பட்டனைத் தட்டுவோம். இங்கே தோல் கருவிக்கு முன்னால் மைக் வைத்திருக்கிறார்கள். சட்டியில் குச்சி விழும்போது முதலில் ஒரு வெடிப்பு, அதற்கு அடியில் ஒரு கார்வை. டிரம்ஸ்காரர் அந்தக் கார்வைக்கு இடம் விட்டு வாசித்தார். அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வெள்ளைக்கார வாத்தியத்துக்குத் தொட்டுக்க ஊறுகாய் மாதிரி நம்ம வாத்தியத்தை வைக்கிற வழக்கம் இங்கே தலைகீழ். சில பாட்டுகள் உங்கள் ‘சிக்ஸ் எய்ட்’ தாளம் போலத்தான் கேட்டன. கணக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எல்லோரும் கோட்டு சூட்டு போட்டிருந்தார்கள். சாவு வீட்டு வாசலில் லுங்கியோடு நின்று பாட விட்ட ஆட்களை கோட்டு போட்டு மேடை ஏற்றியிருக்கிறார்கள். அம்பேத்கர் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோட்டுக்கு விளக்கம் தேவையில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண், இசைவாணி. கானா பாடுகிற பெண்ணை நான் அதற்கு முன்னால் மேடையில் பார்த்ததே இல்லை. குரலில் குழைவு கிழைவு ஒன்றும் கிடையாது. எடுத்த எடுப்பில் மைதானத்துக் கடைசி வரிசைக்குப் போகிறது. அறிவு என்று ஒரு பையன், ராப் பாடுகிறான். மூச்சு விடாமல் அத்தனை சொல், ஒன்றைக்கூட முழுங்கவில்லை.

இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழி, இதெல்லாம் பாட்டு. ஆணவக் கொலையைப் பற்றிப் பாடியபோது சுற்றிலும் சென்னைக்காரர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை வரவில்லை. 2015 ஜூனில் நம்ம ஓமலூர்ப் பையன், இன்ஜினீயரிங் படித்தவன், ஒரு தோழியோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போய்விட்டுப் பள்ளிபாளையம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தானே, அதுதான் கண் முன்னால் வந்தது. உங்கள் வீட்டிலிருந்து திருச்செங்கோடு எவ்வளவு தூரம்? அவர்களுக்கு அது ஒரு தலைப்பு. நமக்குப் பக்கத்து ஊர். இந்தப் பாட்டு பாடப்பட வேண்டிய இடம் கீழ்ப்பாக்கம் இல்லை, திருச்செங்கோடு என்று நினைத்துக்கொண்டேன். அங்கே பாட விடுவார்களா என்பது வேறு கதை.

எல்லாம் உசத்தி என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகள் கோஷமாகவே நின்றுவிட்டன. கிடார் ஏறுகிற இடங்களில் சொல் அமுங்கியது. கானாவுக்குச் சொல்தானே உயிர்? நீங்கள் இருந்திருந்தால் எழுந்து போய் மிக்ஸர்காரர் தோளைத் தட்டியிருப்பீர்கள்.

இது திடீரென்று முளைத்ததும் இல்லை. டென்மாவும் கபேர் வாசுகியும் ‘குரங்கன்’ என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். போன வருஷம் ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வாசுகி எழுதியதுதான். ‘லா பொங்கல்’ குழுவில் அந்தோணி தாசன், பிரதீப் குமார் எல்லாம் இருந்தார்கள். ஆனால் மாமா, நம்ம ஊரில் நன்றாகப் பாடுகிறவனை ஐந்து வருஷத்தில் சினிமா கூப்பிட்டுக்கொள்கிறது. பிரதீப், ஷான் ரோல்டன் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். குறையாகச் சொல்லவில்லை. சோறு அங்கேதான் இருக்கிறது. இந்த 19 பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று ஒரு பயமும் கூடவே இருக்கிறது.

நம்ம சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1935இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கினதிலிருந்து நமக்கு இசை என்றால் சினிமாதான். ஸ்டூடியோ போய் ஏற்காடு ரோட்டில் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது, பழக்கம் போகவில்லை. இந்த ஃபேர்லேண்ட்ஸில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்கூல் இருக்கிறது, நகைக்கடை, துணிக்கடை எல்லாம் இருக்கிறது. சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற ஒரு பையன் சாயங்காலம் ஐம்பது பேருக்கு முன்னால் பாட ஒரு இடம் கிடையாது. பறைச் சத்தம் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு எப்போது கேட்கும் தெரியுமா? பிணம் போகும்போது. பால்கனிக் கதவை ஒவ்வொரு வீடாக இழுத்துச் சாத்துவார்கள். மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி மட்டும் திறந்து வைத்து நின்று கேட்பாள். அவள் வீட்டில் அவளைத் திட்டுவார்கள்.

எனக்கு ஒரு யோசனை, மாமா. உங்கள் பழைய குழுவில் இன்னும் நாலைந்து பேர் கை ஓய்ந்துபோகாமல்தான் இருக்கிறார்கள். தாரமங்கலம் பக்கம் பறை வாசிக்கிற பையன்களை உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் கிடார் வைத்துக்கொண்டு சொந்தப் பாட்டை யாரிடம் பாடுவது என்று தெரியாமல் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு சின்ன ஹால் வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சாயங்காலம், சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லாமல். ஜனம் எழுந்து போனால் போகட்டும், டீ நான் வாங்கித் தருகிறேன்.

கரிநாளுக்கு அங்கே வருகிறேன். போனில் ஒரு பாட்டு பிடித்து வைத்திருக்கிறேன். சத்தம் கொஞ்சம் கரகரக்கும். அதைக் கேட்டுவிட்டு உங்கள் பதிலைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும், ‘ஜனத்துக்குப் பிடிக்காது’ என்பது மட்டும் செல்லாது. அதற்குள் தபேலாவுக்கு வார் கட்டி வையுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்