வெள்ளி வண்டிக்கு வைத்தியம்

ஆறு மாத காலம் அமெரிக்காவில் பிள்ளையின் வீட்டில் தங்கித் திரும்புகிறவர்கள் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றியும், பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலைப் பற்றியும் நம் பத்திரிகைக்கு எழுதுவது வழக்கம். அவ்விரண்டையும் நானும் கண்டு வந்தேன். ஆயினும் அந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதி கழிந்தது ஒஹையோ மாநிலத்தில் என் மகன் வீட்டுப் பின்முற்றத்தில், ஒரு பழைய வண்டியின் அடியில் மல்லாந்து படுத்தபடிதான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். ஆசிரியரும் அன்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

வண்டி என்றதும் தானே ஓடும் வண்டி என்று எண்ணிவிடலாகாது. மோட்டாரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் ஒரு சிறு வீடு அது. முன்புறம் உட்கார இடம், நடுவே எரிவாயு அடுப்பும் குளிர்பெட்டியும், பக்கத்தில் படுக்கை, பின்கோடியில் குளியலறையும் கழிப்பறையும். மும்பையில் சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நட்சத்திரங்களின் ஒப்பனை வேன்கள் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். கேரள அரசும் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஆனால் அமெரிக்கருக்கு இது சென்ற நூற்றாண்டின் முப்பதுகளிலேயே வேரூன்றிவிட்ட பழக்கம். கிளைடர் விமானங்கள் கட்டிய ஹாலி பௌலஸ் என்பவர் 1934இல், விமான உடலைப் போலவே அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்து ஒரு வீட்டு வண்டியைச் செய்தார். அதை அடியொற்றி வாலி பையம் என்பவர் 1936இல் ‘கிளிப்பர்’ என்ற வண்டியை வெளியிட்டார். அவருடைய ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் இன்றும் ஒஹையோவில் ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் உருவாகின்றன. 1969இல் சந்திரனிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங் முதலிய மூவரை யாரும் நெருங்காதபடி அடைத்து வைத்தார்களே, அந்தக் கூடும் ஏர்ஸ்ட்ரீம் வண்டியை மாற்றி அமைத்ததுதான். அதன் சன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் அதிபர் நிக்ஸன் அவர்களோடு பேசினார்.

அதே வெள்ளி உருவத்தில் வண்டி செய்த கம்பெனிகள் வேறு பலவும் அந்நாளில் இருந்தன. என் மகன் வாங்கியது அத்தகையது ஒன்று. நீளம் 22 அடி. வயது ஐம்பதுக்கு மேல். பல ஆண்டு காலம் ஒரு பண்ணையில் மரத்தடியில் நின்றிருந்தது. நிலமும் வீடும் வாங்குகிற வயதில் இவன் ஏன் இதை வாங்கினான் என்று நான் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, மருமகள் சொன்னாள். முந்திய முறை நாங்கள் சென்றிருந்தபோது, ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்திலெல்லாம் என் மனைவி வெளியில் கை நனைக்க மறுத்துவிட்டாள். விடுதி அறையில் சிறு குக்கரை வைத்துச் சோறு வடித்து, ரசத்துக்குக் கடுகு தாளித்தபோது எழுந்த புகையில் அபாய மணி அலறியது. விடுதிக்காரர் ஓடி வந்தார். அன்று முதல் அவள் எங்கும் வரவில்லை. அம்மா தன் கையால் சமைத்துக்கொண்டே ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளை வாங்கிய வண்டி அது.

என் தொழிலைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். நான் பம்பாயில் ஒரு ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். பெரம்பூர்த் தொழிற்சாலை 1955 முதல் 2018 வரை செய்து அனுப்பிய நீலப் பெட்டிகளையும் செங்கல் நிறப் பெட்டிகளையும் நீங்கள் அறிவீர்கள். அவை குறித்த கால இடைவெளியில் பட்டறைக்கு வரும்போது, நாங்கள் முதலில் பார்ப்பது சாயத்தையன்று, இருக்கையையன்று. கழிப்பறைக்கு அடியிலும் வாயிற்படி ஓரத்திலும் தரைத் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். ‘டங்’ என்று கேட்டால் நலம். ‘டொக்’ என்றால் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கிறது. எஃகுப் பெட்டிக்கு எமன் தண்ணீர்தான். அதுவும் வெள்ளமாக வரும் தண்ணீரன்று. சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வெளியேற வழியின்றித் தங்கும் தண்ணீர்.

ஆகவே மகன் வண்டியைக் காட்டியபோது என் கால் தானாகவே பின்கோடிக்கு நடந்தது. குளியலறை மூலையில் பாதம் சற்றே அமிழ்ந்தது. மேலே புதிதாக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் விளிம்பைத் தூக்கித் திருப்புளியால் பலகையைக் குத்தினேன். தயிர்சாதத்தில் கரண்டி இறங்குவதுபோல இறங்கிற்று.

“அப்பா, தரையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். மேலே கழுவி மெருகேற்றி, ஜூலை மாதம் கிளம்பிவிடலாம்” என்றான் அவன். விசாவில் எங்களுக்கு அனுமதித்திருந்த காலம் ஆறு மாதம். ஏப்ரல் கடைசியில் போயிருந்தோம். அவனுடைய விடுமுறையோ பத்து நாள். அவன் கணக்கு அவனுக்கு நியாயம். “அந்த மூலையில்தான் உன் அம்மா குளிக்கப் போகிறாள்” என்று மட்டும் நான் சொன்னேன். மூன்று நாள் அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. நான்காம் நாள் இரவு பின்முற்றத்தில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், அவனே திருப்புளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாணாகத் தரையைக் குத்திச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கோட்டுக்குள் அடங்கியது தரையில் நாலில் ஒரு பங்கு.

அதன் பிறகு வேலை தொடங்கியது. பழைய வண்டியைச் சுத்தம் செய்யப் புகுகிறவர்கள் முதலில் அஞ்ச வேண்டியது அழுக்குக்கன்று, எலிக்கு. சுவர்த் தகடுகளுக்கிடையே குளிர் தாங்க அடைத்திருக்கும் கண்ணாடி நாரில் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும். அந்நாட்டுக் காட்டெலி ஒன்றின் எச்சமும் சிறுநீரும் காய்ந்து தூசியாகி மூச்சில் புகுந்தால், ஹான்டா வைரஸ் என்ற நுரையீரல் நோய் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தானது. ஆகையால் துடைப்பத்தைத் தொடவே கூடாது. கதவு சன்னல்களைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் உண்டாக்கி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையும் முகமூடியும் அணிந்து ஈரத்தோடு வழித்தெடுக்க வேண்டும். இரண்டு சனி ஞாயிறுகள் இதற்கே போயின. பேத்தியை அந்தப் பக்கமே விடவில்லை.

தரையை அறுத்தெடுப்பது கடினமன்று. தண்ணீர் எவ்வழியாக வந்தது என்று காண்பதே கடினம். பலகையை மட்டும் மாற்றி வழியை அடைக்காமல் விட்டால், புதுப் பலகைக்கும் அதே கதிதான். ஒழுகும் இடம் ஒன்று, நனையும் இடம் மற்றொன்று. ஓட்டு வீட்டில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் கைவிளக்கோடு உள்ளே உட்கார்ந்தேன். அவன் வெளியே ரப்பர்க் குழாயைப் பிடித்து, மெல்லிய தாரையாக, கீழிருந்து தொடங்கி ஒரு முழம் ஒரு முழமாக மேலே கொண்டு போனான். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லாத் துவாரங்களையும் ஒரே சமயத்தில் நனைத்துக் குழப்பிவிடும். மாலைக்குள் மூன்று வழிகள் அகப்பட்டன. பின்சன்னலின் ரப்பர் ஓரம். கூரையில் காற்றுப் போக்கியைச் சுற்றிய மசகு. நீண்ட நாள் அதிர்வில் தளர்ந்துபோன ஒரு வரிசை ரிவெட். அதிக அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் யந்திரத்தால் இந்த வண்டிகளைக் கழுவுகிறவர்கள், அழுக்கோடு நல்ல மசகையும் பெயர்த்துவிட்டு, நீரையும் உள்ளே புகுத்திவிடுகிறார்கள். மிருதுவான சோப்பும், வாளியும், நீண்ட பிடியுள்ள தூரிகையும் போதும். தகடு வெயிலில் காய்ந்திருக்கும்போது கழுவக் கூடாது.

இணைப்புகளில் பூசப் பாலியுரேதேன் மசகைத்தான் வாங்கினோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோன் வேண்டாமென்றேன். அது காய்ந்தபின் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. அடுத்த முறை பழுது பார்ப்பவன் சபிப்பான். கீழே எஃகுச் சட்டத்தில் துருவைச் சுரண்டிச் சாயம் பூசினோம். எஃகும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொண்டு நடுவே ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். ஆகவே இரண்டுக்கும் இடையில் ஒரு நாடாவை ஒட்டினோம். புதிய பலகையின் விளிம்புகளுக்கு எபாக்ஸி பூசி, நன்றாக உலர்ந்த பிறகே பொருத்தினோம்.

ரிவெட் வேலையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல ஆசை. முழு ரிவெட்டை ஒருவன் தனியாக அடிக்க முடியாது. வெளியே ஒருவன் காற்றுத் துப்பாக்கியை ரிவெட்டின் தலையில் வைத்து அடிப்பான். உள்ளே மற்றொருவன் ‘டாலி’ என்னும் கனத்த இரும்புக் கட்டியை வாலில் அழுத்திப் பிடிப்பான். நடுவே தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அடிக்கும் சத்தத்தில் பேச்சும் கேட்காது. பட்டறையில் எங்களுக்குத் தட்டுப் பாஷை ஒன்று உண்டு. ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம். இரண்டு தட்டு, போதும். மூன்று தட்டு, கெட்டுவிட்டது, துளையிட்டு எடு. அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் பதினொன்றில் ஏழு கெட்டன. இரண்டாம் வாரத்தில் அவன் அடிக்கும் தாளத்திலிருந்தே வால் எவ்வளவு பரந்திருக்கும் என்று எனக்குத் தெரியலாயிற்று. கணிப்பொறித் துறையில் இருக்கிறவன்; இருபது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தொலைபேசியில் ‘சாப்பாடு ஆயிற்றா, மாத்திரை போட்டுக்கொண்டீர்களா’ என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. இப்போதும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தட்டினோம், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் அவன் சொல்லை நான் ஏற்றேன். அலமாரிக் கதவு ஒன்றின் உட்புறத்தில் முன்னாள் சொந்தக்காரர் யாரோ பென்சிலால் ஊர்ப் பெயர்களும் மைல் கணக்கும் எழுதி வைத்திருந்தார். பட்டறை வழக்கப்படி, உள்ளே வந்த பெட்டியில் பிரயாணிகளின் கிறுக்கல் ஒன்றும் மிஞ்சலாகாது; தேய்த்துச் சாயம் பூசுவதே ஒழுங்கு. “இதை விட்டுவிடுங்கள், அப்பா” என்றான். விட்டுவிட்டோம். ரயில் பெட்டி எல்லாருடையதும். இது ஒருவர் வீடாக இருந்தது. வேறுபாடு உண்டுதான்.

மெருகுக்கு வந்தபோது செப்டம்பர் பிறந்துவிட்டது. என் மனைவி, “புளி போட்டுத் தேய்த்தால் என்ன?” என்று கேட்டாள். பித்தளைக் குடத்துக்குப் புளி சரி, அலுமினியத்துக்கு ஆகாது. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கலாகாது என்பதை அவளே மருமகளுக்குச் சொன்னவள்! காரமும் கூடாது, இரும்பு நாரும் கூடாது, அதன் துணுக்குகள் தகட்டில் பதிந்து பிறகு துருப்பிடிக்கும். விமானத் தகட்டைப் போலவே இத்தகட்டின் மேலும் தூய அலுமினியத்தால் ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. கண்டபடி உப்புத்தாள் போட்டால் அந்தக் கவசம் போய்விடும். முதலில் பழைய வார்னிஷை அதற்குரிய மருந்தால் கரைத்து எடுத்தோம். பிறகு கம்பளித் தட்டு பொருத்திய சுழலும் கருவியில் மெருகுப் பசையைத் தடவி, இரண்டிரண்டு அடியாகத் தேய்த்தோம். கரியைப் போல ஒரு மை சேரும். அதை எடுக்க அவர்கள் மைதா மாவைத் தூவித் துடைக்கிறார்கள். மளிகைக்கடையிலிருந்து மைதா வாங்கி வண்டிக்குத் தூவுவதை என் மனைவி ஒப்பவில்லை. மாவு வீணாகிறதே என்று பின்முற்றத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். வாரம் முழுவதும் தேய்த்தும் ஒரு பக்கம்தான் முடிந்தது.

மற்றவை விரைவில் ஆயின. டயரில் பள்ளம் பழுதில்லாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. பக்கவாட்டில் பொறித்த கடைசி நான்கு இலக்கங்கள் அதைக் காட்டும். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நான்கையும் மாற்றினோம். சக்கர உருளைகளுக்குப் புதிய கிரீஸ். எரிவாயுக் குழாயைத் தேர்ந்த ஆள் ஒருவர் வந்து சோதித்தார். தண்ணீர்த் தொட்டியை, 15 காலனுக்குக் கால் கோப்பை வீதம் பிளீச் ஊற்றி நிரப்பி வைத்திருந்து, பிறகு வாசனை போகும் வரை அலசினோம்.

செப்டம்பர் கடைசியில், நான்கே நாள் கிடைத்த விடுப்பில், ஹாக்கிங் ஹில்ஸ் என்ற மலைக்காட்டுக்குப் போனோம். மணற்பாறைக் குகைகளும் சிற்றருவிகளும் உள்ள இடம். வண்டியின் ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் சாம்பல். கண்ணாடிப் பக்கத்தில் பேத்தி தன் முகத்தைக் கோணலாகப் பார்த்துச் சிரித்தாள். என் மனைவி சன்னலைத் திறந்து வைத்துக் கடுகு தாளித்தாள். மணி எதுவும் அலறவில்லை. இரண்டாம் நாள் இரவு இடியோடு மழை பிடித்துக்கொண்டது. படுக்கும் முன் என் மகன் பின்மூலையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தான். கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. விடியற்காலையில் அவன் எழுந்து போய்த் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, வண்டிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அக்டோபர் நடுவில் நாங்கள் திரும்பிவிட்டோம். அங்கே பனிக்காலத்தில் குழாய்களில் நீர் தங்கினால் உறைந்து வெடித்துவிடும்; நீரை வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை நிரப்பி அவனே மூடி வைத்தான். மறுபக்கத்து மெருகு வரும் கோடையில். பெருமழை பெய்த மறுநாள் அவனிடமிருந்து ஒரு படம் வரும். பின்மூலையும் அதில் விரித்த செய்தித்தாளும். சென்ற வாரம் வந்த படத்திலும் தாள் உலர்ந்தே இருந்தது.