அலுமினியம் போதும்

ஓய்வு பெற்றவர்களுக்கு நாளாக நாளாகக் குறைந்துபோவது, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கிற ஆட்கள்தான். வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதைக்கூடப் பிள்ளைகளே முடிவு செய்துவிடுகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஒரு டார்ச் லைட் விஷயத்தில்!

டார்ச் பைத்தியங்கள் என்று ஒரு கூட்டம் பல நாடுகளில் இருக்கிறது. என் மகன் மூலம் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடையில் கிடைப்பதில் திருப்தி இல்லாத சிலர் தாங்களே கூடிப் பேசி, சட்டைப் பையில் அடங்குகிற ஒரு டார்ச்சை வடிவமைத்தார்கள். பெயர் எஃப்.டபிள்யூ.3ஏ. மூன்று எல்.ஈ.டி. இருப்பதால் 3. அலுமினிய உடம்பு என்பதால் ஏ. லூமின்டாப் என்ற சீன நிறுவனம் செய்து தர ஒப்புக்கொண்டது. விளக்கை இயக்கும் மென்பொருளின் பெயர் அண்டூரில். அதை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே ஒரு வேடிக்கை. சுவிட்ச் வால் பக்கம், மூளை தலைப் பக்கம். நடுவில் 18 மி.மீ. தடிமனும் 65 மி.மீ. நீளமும் உள்ள ஒரு லித்தியம் பேட்டரி. திருகித் திறக்கிற டார்ச்சில் ஒயர் இழுக்க முடியாதே! அதனால் குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய். சுவிட்சை அழுத்துகிற சேதி அதன் வழியே போகும். அது கொஞ்சம் சரியாகப் பொருந்தாவிட்டாலும் டார்ச் முரண்டு பிடிக்கும்.

மாதிரி செய்து, திருத்தி, மறுபடி செய்து என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. காத்திருக்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? கடைசி எழுத்தை வைத்துக் கேலி தொடங்கியது. ஏன் அலுமினியம், ஆஸ்மியத்தில் செய்தால் என்ன என்றார் ஒருவர். எட்டு மடங்கு கனக்கும். பேன்ட் இடுப்பில் நிற்காது. காலியம் என்றார் இன்னொருவர். அது 30 டிகிரியில் உருகும். நம் ஊரில் காலைக் காப்பிக்கு முன்பே டார்ச் கையில் வழிந்துவிடும்.

இதை நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொன்னேன். "ஐம்பொன்ல வார்க்கச் சொல்லுங்க சார். தொலைஞ்சா சிலைக் கடத்தல் போலீஸே தேடிக் கொடுத்துடும்" என்றார் ஒருவர். அன்று முழுக்க அதே சிரிப்பு.

கேலிக்குள் ஒரு பாடமும் இருந்தது. முழு வெளிச்சத்தில் இந்தச் சின்ன டார்ச் சுமார் 2,800 லூமன் தரும். நம் பழைய இரண்டு கட்டை டார்ச் பத்து லூமனை ஒட்டித்தான் தந்திருக்கும். இவ்வளவு வெளிச்சம் என்றால் சூடும் அதற்கேற்ப ஏறும். அதை உடம்பு வழியாக வெளியேற்ற வேண்டும். வெப்பம் கடத்துவதில் தாமிரத்துக்குச் சுமார் 400 என்றால் அலுமினியக் கலவைக்கு 160-க்கு மேல். எல்லோரும் ஆசைப்படுகிற டைட்டானியக் கலவைக்கு 7 போலத்தான். வெள்ளி தாமிரத்தையும் மிஞ்சும், ஆனால் விலை? கனம், சூடு, விலை மூன்றையும் கூட்டிக் கழித்தால் நம் வீட்டு இட்லிப் பானையின் அலுமினியமே ஜெயிக்கிறது.

2019-ல் டார்ச் வந்தது. பின்னாலேயே தாமிரத்திலும் டைட்டானியத்திலும் வந்தது. கேலியில் பாதி பலித்துவிட்டது!

என்னிடம் இருப்பது அலுமினியம்தான். 2,800 லூமனை வந்தவர்களுக்குக் காட்டத்தான் பயன்படுத்துகிறேன். தினமும் தேவைப்படுவது அதன் ஆகக் குறைந்த வெளிச்சம். அணைந்திருக்கும்போது சுவிட்சை அழுத்திப் பிடித்தால் நிலா வெளிச்சம் போல மினுங்கும். "ரொம்பக் குறைந்த வெளிச்சம் யாருக்கு வேண்டும்?" என்ற பேச்சு வந்தபோது நான் எழுதியது ஒரே வரி: இரவில் மூன்று முறை எழுந்திருக்கிற வயதுக்காரர்களுக்கு. பக்கத்தில் தூங்குகிறவர் விழிக்கக் கூடாது. கால் இடறவும் கூடாது. அப்படிக் கேட்டவர்கள் வேறு நாடுகளிலும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பார்த்தால், முழங்கால் வலி பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

உங்கள் தலைமாட்டில் என்ன டார்ச் இருக்கிறது? சொல்லுங்களேன்.