உறவுமுறைப் பட்டியலில் நண்பன்

மேலூர்ப் பக்கத்து மண்டபங்களில் வாசலிலேயே மேசை போட்டு மொய் எழுதுவார்கள். (இப்போது கணினியில் அச்சிட்டு ரசீதே தந்துவிடுகிறார்கள்.) அந்த நோட்டில் தாய்மாமனுக்கும் பங்காளிக்கும் இருப்பது போலவே நண்பனுக்கும் ஒரு வரி உண்டு. வருமான வரிச் சட்டத்தின் நோட்டில் அது இல்லை.

1958ஆம் ஆண்டின் அன்பளிப்பு வரிச் சட்டப்படி கொடுத்தவரே வரி கட்டினார். 1998 அக்டோபரோடு அது ஒழிந்தது. 2004 செப்டம்பரில் சுமை வாங்குபவர் தலைக்கு மாறியது. வரம்பு முதலில் 25,000 ரூபாய், 2006 முதல் 50,000, இன்றும் அதுவே. உறவல்லாதார் ஓராண்டில் தந்த பணம் அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. உறவு எது என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் நன்னூல் உரையையே தோற்கடிக்கும். தாய்மாமன் தந்தால் அக்காள் மகனுக்கு வரியில்லை. அக்காள் மகன் தந்தால் மாமனுக்கு உண்டு. அவன் மாமன் மகளையே மணந்திருந்தால் அந்த வரியும் போய்விடும்! சித்தப்பா உறவு, அவர் மகன் அந்நியன். மணமக்களுக்கு வரும் மொய் தப்பும். காதுகுத்து மொய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

2025இல் என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, உடன்படித்த நெல் வியாபாரி நண்பர் மூன்று லட்ச ரூபாயைத் துணிப்பையில் கொண்டுவந்தார். ஆடிட்டர் பையைத் திறக்கவே விடவில்லை. ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம். 2017 முதல் உள்ள விதி. வங்கி வழியாக வந்தாலும் என் சம்பளத்தோடு சேர்த்து வரி. வங்கி வழியே வட்டியில்லாக் கடனாக வாங்கினால் வரியே இல்லை என்றார். நண்பரின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்யா, உங்கிட்ட நான் பத்திரம் எழுதி வாங்கணுமா?"

எனக்குப் பறம்புமலை நினைவுக்கு வந்தது. எங்களூரிலிருந்து அதிகத் தொலைவில்லை. சிங்கம்புணரிக்கு அருகிலுள்ள பிரான்மலைதான் அது என்பார்கள். பாரி மாண்டபின் அவன் மகளிரைத் தம் பொறுப்பில் அழைத்துச் சென்ற கபிலர் அவனுக்கு எந்த உறவு?

வழி சொன்னவர் ஆடிட்டர்தான். மகளுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது. பணம் அவள் வங்கிக் கணக்கிலேயே சேரட்டும். அவளுக்கு வேறு வருமானமில்லை. புதிய வரிமுறையின் நான்கு லட்ச விலக்கு வரம்புக்குள் அடங்கிவிடும். மைனராக இருந்திருந்தால் பெற்றோர் வருமானத்தோடு சேர்ந்திருக்கும்.

நண்பர் இவை எதையும் காதில் வாங்கவில்லை. "அப்ப உனக்குக் குடுக்கல. பிள்ளைக்குத்தான் குடுக்குறேன்" என்றார். மறுநாள் அன்பளிப்புக் கடிதம் எழுதும்போது, உறவுமுறை என்ற இடத்தில் 'சித்தப்பா' என்று போடச் சொன்னார். ஆடிட்டர் பதறிப்போய்த் தடுத்து, 'தந்தையின் நண்பர்' என்று எழுதவைத்தார்.